433 வோல்ட்: கேட் மின்பொறியியல் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் எனக்குக் கைகொடுத்த ஒரு பழக்கம்

பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் இறுதித் தேர்வுப் பட்டியல் சென்ற வாரம் வெளியானது. அதில் என் பதிவெண்ணும் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் பொறியாளர்களை எடுக்கப் பயன்படுத்தும் கேட் தேர்வின் மதிப்பெண் வந்தபோதே அனுபவத்தை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நேர்முகமும் முடிந்து முடிவு தெரியும்வரை பிறருக்கு வழி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பாடத்திட்டம், மதிப்பெண் பகிர்வு, விண்ணப்ப நடைமுறை ஆகியவை இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்தவைதாம். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, எனக்கு உண்மையில் மதிப்பெண் பெற்றுத் தந்த ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். வினாவில் மின்மாற்றி என்ற சொல் தென்பட்டால், கணக்கில் இறங்குவதற்கு முன்பே அதன் மின்னழுத்தத் தரத்தை முழுமையாக எழுதிக்கொள்வதுதான் அது. ஒரு சிறிய விஷயத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது.

முழுமையாக என்று நான் சொல்வது நான்கு செய்திகளை. கொடுத்திருக்கும் வோல்ட் லைன் அளவா (இரு கம்பிகளுக்கு இடையே), ஃபேஸ் அளவா (ஒரு கம்பிக்கும் நடுநிலைக்கும் இடையே), சுமையோடு இருக்கும்போதா, சுமையற்ற நிலையிலா, மூன்று சுருள்களின் இணைப்பு ஸ்டாரா, டெல்டாவா, எந்த டேப்பில் (சுற்றுகளைக் கூட்டிக் குறைக்க உதவும் முனை). நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் மின்மாற்றிப் பாடம் சமானச் சுற்றில் தொடங்கிச் செயல்திறனில் முடிந்தது. பெயர்ப்பலகையை எப்படிப் படிப்பது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. கட்டிய பணத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாகவே இருக்கிறது. அதை நான் கற்றது கல்லூரித் துணைமின்நிலையத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த மின்மாற்றியின் பலகையை வாசித்துத்தான். மேல்பக்கம் (உயர் மின்னழுத்தப் பக்கம்) 11000, கீழ்ப்பக்கம் 433 என்று பொறித்திருந்த அந்த வரிக்கு முன்னால், 'வோல்ட்ஸ் அட் நோ லோட்', அதாவது சுமையற்ற நிலையில் வோல்ட், என்றும் தெளிவாகப் பொறித்திருந்தது. அதன் கீழே இணைப்பு வகை: டிஒய்என் 11, அதாவது மேல்பக்கம் டெல்டா, கீழ்ப்பக்கம் நடுநிலை முனையோடு ஸ்டார்.

415 வோல்ட் மோட்டார்களை ஓட்டும் ஆலைக்கு 433 வோல்ட் மின்மாற்றி எதற்கு என்ற கேள்விக்கு அந்த வரியிலேயே விடை இருக்கிறது. மின்மாற்றியின் இரண்டாம் பக்க மின்னழுத்தத் தரம் என்பது சுமை ஏற்றப்படாதபோது முனைகளில் கிடைக்கும் அளவு. முழுச்சுமை ஏறியதும் சுருளின் மின்மறிப்பில் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையில்) ஒரு பகுதி இழக்கப்படும். 433ஐ √3 ஆல் வகுத்தால் ஃபேஸுக்கு 250 வோல்ட். அதில் ஏறக்குறைய நான்கு சதவீதம் போனால் நமக்குப் பழக்கமான 240, லைன் அளவில் 415. பெரிய ஆலைகளில் 6.6 கேவி (கிலோவோல்ட்) மோட்டார்களுக்கு 6.9 கேவி இரண்டாம் பக்கமும், 3.3 கேவி மோட்டார்களுக்கு 3.45 கேவியும் எடுப்பது இதே கணக்கில்தான். 400 கேவி கட்டமைப்புக்கு மின்சாரத்தை ஏற்றும் ஜெனரேட்டர் மின்மாற்றியின் மேல்பக்கத் தரம் 420 கேவி என்று இருப்பதும் அப்படியே. ஆக, மின்மாற்றியின் மின்சாரம் தரும் பக்கத்துக்குக் கட்டமைப்பின் பெயரளவு மின்னழுத்தத்தை அப்படியே எழுதினால், பெரும்பாலும் அது தவறான தேர்வாகவே அமையும்.

நேர்முகத்தில் எனக்குத் தரப்பட்டது இதுதான்: நீண்ட 11 கேவி ஃபீடரின் (மின்சாரம் கொண்டுவரும் வழித்தடத்தின்) கடைக்கோடியில் ஓர் ஆலை, 415 வோல்ட் சுமை, மின்மாற்றியின் விவரக்குறிப்பை எழுதுக. கொள்திறன் 1000 கேவிஏ, 11000/433 வோல்ட், டிஒய்என் 11, மேல்பக்கத்தில் +5 முதல் −10 சதவீதம் வரை 2.5 சதவீதப் படிகளில் சுமையின்றி மாற்றும் டேப் என்று எழுதினேன். கேவிஏ பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "ஏன் 415 இல்லை?" என்று தொடங்கியவர்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டார்கள், எஞ்சிய நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று.

மாலையில் ஃபீடரின் கடைசியில் 10.4 கேவிதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சாதாரண டேப்பில், அதாவது 11,000 வோல்ட் நிலையில், இருந்தால் கீழே சுமையற்ற நிலையிலேயே 409 வோல்ட்தான் கிடைக்கும். சுமை ஏறினால் 390ஐ ஒட்டி வந்துவிடும். ஆகவே −5 சதவீத டேப், அதாவது 10,450 வோல்ட் நிலை என்றேன். கீழே 431 வருகிறது. மேல்பக்கச் சுற்றுகளைக் குறைத்தால் கீழ்ப்பக்க மின்னழுத்தம் கூடும் என்பது அவசரத்தில் பலருக்கும் தலைகீழாகத் தோன்றும் இடம். சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்று நினைத்துப் பார்த்தால் குழப்பம் வராது. உடனே அடுத்த கேள்வி: நள்ளிரவில் ஃபீடர் காலியாகி முழு 11 கேவி வந்தால்? அதே டேப்பில் கீழே 456 வோல்ட், ஃபேஸுக்கு 263. விளக்குகள் போவது ஒரு பக்கம் இருக்க, உள்ளகத்தின் காந்தப் பாயமும் ஐந்து சதவீதத்துக்கு மேல் உயரும். சுமையின்றி மாற்றும் டேப்பை மின்மாற்றியைத் துண்டித்த பிறகுதான் தொட முடியும் என்பதால், காலையும் மாலையும் மாற்றிக்கொண்டிருக்க இயலாது. −2.5 சதவீதத்தில் நிறுத்தினால் மாலையில் 420, இரவில் 444. இரண்டும் சமாளிக்கக் கூடியவை. அது போதாதென்றால் சுமையுடன் மாற்றும் டேப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டும். இந்த எண்களைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் குழுவில் இருந்தவர்களின் முகம் சற்று இளகியது. டேப் ஏன் மேல்பக்கத்தில் வைக்கப்படுகிறது என்பதற்கு மூன்று காரணங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மின்னோட்டம் குறைவு, சுற்றுகள் அதிகம் என்பதால் படிகளை நுணுக்கமாகப் பிரிக்கலாம், வெளிச்சுருள் என்பதால் முனைகளை எடுப்பது எளிது.

மின்காப்புத் தரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 11 கேவி மின்மாற்றி 12 கேவி வகுப்பைச் சேர்ந்தது. ஒரு நிமிடத்துக்கு 28 கேவியையும், 75 கேவி உச்ச மின்னல் துடிப்பையும் அது தாங்க வேண்டும். 22 கேவி என்றால் 24 கேவி வகுப்பு, 50, 125. தமிழ்நாட்டில் 11 கேவி வழங்கும் பகுதிகளும் 22 கேவி வழங்கும் பகுதிகளும் இருப்பதால் நமக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வேறு பல மாநிலத்தவர் மின்கடத்து வழிகளை 220, 132 கேவி என்றே பழகியிருக்க, நம் வாரியத்தின் 230, 110 என்ற எண்களைச் சொன்னால் குழுவினர் நிமிர்ந்து பார்ப்பார்கள், தயங்காமல் சொல்லுங்கள். 220ம் 230ம் ஒரே 245 கேவி வகுப்புதான். 110க்கு 123, 132க்கு 145.

எழுத்துத் தேர்வுக்கு வருகிறேன். நான் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தவை:

– மூன்று ஒற்றை ஃபேஸ் மின்மாற்றிகளை டெல்டா–ஸ்டாராக இணைத்து 11000/433 பெற வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் 11000/250.
– பெர் யூனிட் கணக்கில் (அளவுகளை ஓர் அடிப்படை அளவின் பங்காகச் சொல்லும் முறையில்) மின்னழுத்த அடிப்படை லைன் அளவுகளின் விகிதப்படி மாறும், சுற்றுகளின் விகிதப்படி அன்று.
– குறுக்குச்சுற்றுச் சோதனை மேல்பக்கத்தில்: 5 சதவீத மின்மறிப்பு என்றால் 11 கேவிக்கு 550 வோல்ட் போதும். திறந்தசுற்றுச் சோதனை கீழ்ப்பக்கத்தில், முழுத் தர மின்னழுத்தத்தில்.
– 10 கேவிஏ, 2400/240 மின்மாற்றியை 2640/2400 ஆட்டோ மின்மாற்றியாக (இரு பக்கமும் ஒரே சுருளைப் பகிரும்படி) இணைத்தால் 110 கேவிஏ. 240 வோல்ட் சுருளின் காப்பு 2640ஐத் தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்க.
– தூண்டு மிகைமின்னழுத்தச் சோதனையில் மின்னழுத்தம் இருமடங்கு, ஆகவே அதிர்வெண்ணும் 100 ஹெர்ட்ஸ். இல்லையேல் உள்ளகம் தெவிட்டிவிடும்.

எண் விடை வினாக்களில் இந்தப் பக்கத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். தெரிவு வினாவில் √3ஐ விட்டுவிட்டுப் போட்ட விடையும் நான்கில் ஒன்றாகக் காத்திருக்கும். எண் விடையிலோ தவறைச் சந்தேகிக்க வைக்கும் எதுவுமே திரையில் இருக்காது.

இணையாக இயக்குவது பற்றிய கேள்வியில், மின்னழுத்த விகிதம் சமமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் எவ்வளவு கெடும் என்று கணக்கிடுபவர்கள் குறைவு. 500 கேவிஏ, 5 சதவீத மின்மறிப்பு கொண்ட இரண்டு மின்மாற்றிகளில் ஒன்று 11000/433, மற்றது 11000/415 என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட் வித்தியாசம் ஏறக்குறைய 4 சதவீதம். சுழலும் மின்னோட்டத்தைத் தடுப்பது இரண்டின் மின்மறிப்பும் சேர்ந்த 10 சதவீதம் மட்டுமே. முழுச்சுமை மின்னோட்டம் 667 ஆம்பியர் என்றால், ஒரு விளக்குகூட எரியாதபோதே 280 ஆம்பியர் அளவுக்கு இரண்டுக்கும் இடையே சுழன்றுகொண்டிருக்கும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு 433க்கும் 415க்கும் உள்ள வேறுபாடு பிறகு மறக்காது.

மாதிரித் தேர்வுகளை அள்ளிக்கொண்டு எழுதுபவர்களை நான் குறை சொல்லவில்லை. என் இயல்பு மெதுவானது. மூன்று மணி நேரத்தில் அறுபத்தைந்து வினாக்களையும் தொட வேண்டும் என்று ஓடினால் எனக்குக் கை நடுங்கும். ஆகவே மின்மாற்றி, மின் அமைப்பு, எந்திரங்கள் ஆகிய மூன்றையும் ஆழமாகப் படித்தேன்; மின்காந்தவியலில் பாதியையும் சிக்னல்ஸின் கடைசிப் பகுதியையும் தொடவே இல்லை. வேகமானவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

நேர்முகத்தின் கடைசிக் கேள்வி இன்னும் நன்றாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டார். நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்பில் அதை ஓட்ட எந்த மின்மாற்றி? உயர்த்தும் மின்மாற்றி என்று சொல்லத்தான் நாக்கு முந்தும். 480 வோல்ட் கட்டமைப்பில் 460 வோல்ட் மோட்டார் என்பதே அவர்களுடைய 433/415 கணக்கு என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதினேன்: 460ஐ 60ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் 383. பாயத்தை அதே அளவில் வைக்க அதற்குத் தேவைப்படுவது 380ஐ ஒட்டிய மின்னழுத்தம். 415ஐயே நேராகக் கொடுத்தால் உள்ளகம் எட்டு சதவீதம் கூடுதலாக ஏறும். ஆகவே 415/380, குறைக்கும் மின்மாற்றி. அதிர்வெண்ணை மின்மாற்றியால் மாற்ற முடியாது என்பதால் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியக்க வேகம் நிமிடத்துக்கு 1,800இலிருந்து 1,500 சுற்றாகக் குறையும். அதை ஏற்க முடியாத எந்திரமாக இருந்தால் மின்மாற்றியை விட்டுவிட்டு அதிர்வெண் மாற்றிதான் வாங்க வேண்டும் என்றேன். குழுவின் தலைவர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, போகலாம் என்றார்.