டாடா 407 லாரிக்குக் கிராஸ் மாற்றம்: மூன்றில் இரண்டு முடிந்தது

ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டால் அடியில் 'டொக்'. ஸ்பிரிங் புஷ்ஷாக இருக்கும் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். போன வாரம் வீலுக்குக் கட்டை கொடுத்து, அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் திருகினேன். பின் கிராஸில், அதாவது ஷாஃப்ட் சாய்வாகவும் சுற்ற உதவும் சிலுவை வடிவ மூட்டில், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம். கிராஸ் முனைகளை மூடும் கப் ஓரமெல்லாம் செம்பொடியாகத் துரு. சங்ககிரியில் மாமா செங்கல் ஏற்றி ஓட்டிய வண்டி. மீட்டர் 4,12,000-இல் நிற்கிறது. கேபிள் எப்போது அறுந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை.

கழற்றிய கதை வேண்டாம். ஒன்று மட்டும்: ஸ்லிப் யோக்கை (ஷாஃப்டின் பல்வரிசையில், அதாவது ஸ்பிளைனில், முன்பின் நகரும் கவையை) உருவும் முன் பஞ்சால் புள்ளி அடித்துக்கொண்டேன். பெயின்ட் கோடு டீசலில் கழுவும்போதே போய்விடும், ஜீப்பில் பட்ட பாடு. சாய்வில் சுற்றும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அதை அடுத்த கிராஸ் ஈடுகட்டணும். ஸ்பிளைனில் பல் மாறி யோக் கோணம் தப்பினால் அவ்வளவுதான், ஐம்பதில் போகும்போது வண்டி அதிர்ந்து சைடு மிரரில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்றே தெரியாது.

முதல் கிராஸில் மூன்று கப் அழகாக இறங்கியது. நான்காவதுதான் வில்லன். கப்பைப் பூட்டும் வளையமான சர்க்கிளிப் உட்காரும் பள்ளம் பாதிக்குமேல் தெரியவில்லை. இன்னும் ஒன்றரை மில்லி போகணும். வைஸை இறுக்கினேன், அசையவில்லை. கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்கினேன், கைப்பிடிதான் வளைந்தது. பக்கத்துப் பட்டறை பாய் எட்டிப் பார்த்தார். "தம்பி, இறுக்காதீங்க. ஊசி படுத்திருக்கும், பிரிச்சுப் பாருங்க." பிரித்தால், கப்பின் உள்சுவரை ஒட்டி வரிசையாக நிற்க வேண்டிய பேரிங் ஊசிகளில் ஒரே ஒரு ஊசி அடியில் குறுக்கே கிடக்கிறது. கிராஸ் முனையில் அதன் தடம்கூட லேசாக விழுந்திருந்தது.

புது கிராஸோடு வரும் கிரீஸ் பேருக்குத்தான், ஊசியைப் பிடித்து வைக்காது. வீல் பேரிங் கிரீஸைக் கெட்டியாக அப்பி, ஊசிகளை எண்ணி அடுக்கினேன். கிராஸைத் தூக்கிக் கப்புக்குள் பாதி நுழைத்துப் பிடித்தபடியே அழுத்தினேன். முனை உள்ளே இருக்கும்வரை ஊசி விழ இடமில்லை. இந்தத் தடவை சர்க்கிளிப் 'டிக்' என்று உட்கார்ந்தது. கிராஸ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. யோக் காதில் பித்தளைச் சுத்தியலால் இரண்டு தட்டு, இளகிவிட்டது. கிரீஸ் அடித்தபோது மூன்று கப்பில் பிதுங்கி வந்தது, நான்காவது வறண்டே இருந்தது. அதே கப்! ஷாஃப்டை ஆட்டி ஆட்டி அடித்த பிறகுதான் வழிக்கு வந்தது.

இரண்டாவது கிராஸ் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது என்று பெருமை அடித்துக்கொள்ளலாம். கிரீஸ் நிப்பிளை ஃபிளாஞ்ச் பக்கம் திருப்பி வைத்து, கிரீஸ் கன் எட்டாமல், மறுபடி கழற்றியதைச் சேர்க்காவிட்டால்.

சாமான் விஷயம்: முதலில் வாங்கிய செட் திரும்பிப் போனது. அட்டை பளபளப்பு, கப் யோக்கில் லொடலொடவென்று விழுந்தது. மாடல் பேரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய கப்பின் விட்டம், கிராஸின் முழு நீளம் இரண்டையும் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். சென்னை போகிறவர்கள் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கலாம்.

கியர்பாக்ஸ் பக்கக் கிராஸ் பாக்கி. ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரும் கிழிந்திருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை ஷாஃப்ட் திண்ணையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. சும்மா இருப்பானேன் என்று பின் ஸ்பிரிங் ஷேக்கிள் பின்னில் கை வைத்தேன். அது இப்போது பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.