மாண்டிசெல்லோ தோட்டத்தை உருவாக்கியவர்கள்

வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில்லுக்குப் பக்கத்து மலைமேல் இருக்கும் மாண்டிசெல்லோவில் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் வீடு அது. தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவரும் அவரே.

அடிமைமுறை பற்றிச் சொல்லத் தனிச் சுற்று உண்டு. ஆனாலும் தோட்டத்தைக் காட்டும்போதே அதைச் சொல்லியாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பூக்களைப் பார்க்க வருகிற பலர் அந்தத் தனிச் சுற்றுக்குப் போவதில்லை.

காய்கறித் தோட்டம் ஆயிரம் அடி நீளம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, கீழ்ப்பக்கம் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஜெஃபர்சன் சுமார் 330 காய்கறி ரகங்களை இங்கே வளர்த்துப் பார்த்து, விதைத்த நாள், காய்த்த நாள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். சிவப்புக் களிமண்ணை வெட்டிச் சுமந்தது அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள். தோட்டத்துக்கு நேர் மேலே மல்பெரி ரோ, அதாவது அடிமைப்படுத்தப்பட்டவர்களின் குடில்களும் பட்டறைகளும் இருந்த தெரு. அங்கே இருந்த ஆணிப் பட்டறையில் 10 முதல் 16 வயதுப் பையன்கள் வேலை செய்தார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவராக இருந்தவர்தான் வோர்ம்லி ஹியூஸ். பின்னாளில் தலைமைத் தோட்டக்காரர். தாத்தா அளவுக் கயிற்றோடு முன்னே போவார், வோர்ம்லி மண்வெட்டியோடு கூடப் போவார் என்று ஜெஃபர்சனின் பேத்தி நினைவுகூர்ந்திருக்கிறார். 1826இல் ஜெஃபர்சனின் கல்லறைக் குழியை வெட்டியதும் வோர்ம்லிதான். பிறகு ஜெஃபர்சனின் மகள், முறைப்படி விடுதலை எழுதித் தராமலே, வோர்ம்லியைச் சுதந்திரமாக வாழ விட்டுவிட்டார். ஆனால் மனைவி உர்சுலாவும் பிள்ளைகளும் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். பூப்பாத்தி அருகே இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

1939 வாக்கில் இந்தப் பூந்தோட்டத்தை மீட்டெடுத்தபோது, பழைய நடைபாதையின் தடத்தைக் கண்டுபிடிக்க இரவில் கார் விளக்குகளைப் புல்வெளிமேல் பாய்ச்சினார்களாம். அருமையான வேலை. ஆனால் பாதை போட்ட மனிதர்களின் தடத்தைத் தேட வெகுகாலம் பிடித்தது. அவர்களுடைய சந்ததியினரைத் தேடிப்போய்க் குடும்பக் கதைகளைப் பதிவு செய்யும் பணி 1993இல்தான் தொடங்கியது. நாங்கள் இன்று சொல்வதில் பெரும்பகுதி அந்தக் குடும்பங்கள் காப்பாற்றி வைத்திருந்தது. ஜெஃபர்சன் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸ் தன் தாய், ஜெஃபர்சனே தன் தந்தை என்று மாடிசன் ஹெமிங்ஸ் 1873இலேயே சொல்லியிருந்தார். சாலிக்கான கண்காட்சி இந்த வீட்டில் திறந்ததோ 2018இல்.

"பூ பார்க்கத்தானே வந்தோம், எதற்கு இதெல்லாம்?" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சரி, விடுமுறை நாள், புரிகிறது. ஆனாலும் நிறுத்துவதில்லை.

அப்புறம் அடிக்கடி வரும் கேள்வி: "அடிமைகளை நன்றாகத்தானே நடத்தினார்?" அதற்கு ஃபோசெட் குடும்பத்தைச் சொல்வேன். ஜெஃபர்சனின் கடனை அடைக்க, 130 அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் செய்து 1827 ஜனவரியில் ஏலம் நடத்தினார்கள். கொல்லர் ஜோ ஃபோசெட்டுக்கு உயிலில் விடுதலை கிடைத்தது. அவர் மகன் பீட்டருக்கு 11 வயது, அவன் விற்கப்பட்டான். பிற்காலத்தில் சின்சினாட்டியில் போதகராகி, 1900இல் முதியவராக இந்த வீட்டுக்கு வந்துபோனார். நேரம் குறைவாக இருந்தால் ஜெஃபர்சன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பொருட்களைப் பற்றிய பேச்சைச் சுருக்குவேன். பீட்டரின் கதையை முழுதாகச் சொல்லிவிடுவேன்.