தலைப்பில்லாத கடலும் மாமாவும்

மட்டக்களப்பு கல்லடியில் போன வாரம் ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி. எல்லாமே கடல், எடுத்தவர்களும் நம்மூர்ப் பொடியன்மார்தான். சூரிய உதயம், தோணி, வலை இழுக்கும் நிழலுருவங்கள் என்று பாதிச் சுவர் ஃபேஸ்புக்கில் தினமும் பார்க்கிற படங்கள், அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

உள் அறையில்தான் விஷயம் இருந்தது. வானம் பாதி, தண்ணீர் பாதி, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆளில்லை, படகில்லை, இடம், தேதி ஒன்றும் எழுதவில்லை. ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980இல் தொடங்கிய கடல் வரிசையின் பாதிப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருடையவை கறுப்பு வெள்ளை, ஆதி மனிதன் கண்ட கடலை இன்றும் காண முடியுமா என்பது அவர் கேள்வி. அவர்கூட எந்தக் கடல் என்று தலைப்பில் சொல்லிவிடுவார். இந்தப் படங்களை எடுத்த தம்பி அதையும் விட்டுவிட்டு, வண்ணத்தில் எடுத்திருந்தான்.

என்னோடு வந்த பக்கத்து வீட்டு மாமா வருஷக்கணக்காகக் கடலுக்குப் போனவர். ஒரு படத்துக்கு முன்னால் நின்று, "இது கச்சான் அடிக்கிற நேரம் மனே, தரைக்காத்து, அதான் கரையில அலை படுத்துக் கிடக்கு" என்றார். கச்சான் என்றால் இங்கே தென்மேற்குக் காற்று. அடுத்ததில் கபில நிறத் தண்ணீரும் நீலமும் சேரும் இடத்தைக் காட்டி, "வாவியின்ட முகத்துவாரம் வெட்டி வெள்ளம் கடலுக்கு இறங்கின நேரம்" என்றார். படம் எடுத்த தேதியைத் தம்பி போனில் தேடிப் பார்த்தான். டிசம்பர், மழைக்காலமேதான்!

மூன்றாவது படம்தான் அவரைத் தடுத்தது. கருப்பு ஃபில்டர் போட்டு ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைத்தது, அலையெல்லாம் கரைந்து வெறும் பால். "இது கடலா, புகையா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். கடல் படத்தில் தந்திரம் புதிதில்லை, பிரான்சின் குஸ்தாவ் லு கிரே 1850களிலேயே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒட்டினார், அன்றைய தகடுகளில் நீல வானம் வெளுத்துப் போய்விடுமே. ஆனால் அவர் அலையைத் தக்கவைக்கத்தான் அந்தப் பாடு பட்டார். ஃபில்டர் போட்டவன் மாமாவுக்கு வாசிக்க இருந்ததையே துடைத்துவிட்டான்.

சுனாமி படம் ஒன்றுகூட இல்லை, அது நல்லது என்றே பட்டது.

தம்பிமாரே, அடுத்த முறை இதைக் கரையில் மீனவர் வாடிப் பக்கம் வையுங்கள், பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அப்புறம் கண்ணாடிச் சட்டம் வேண்டாம், எல்லாக் கடலுக்கு மேலேயும் டியூப் லைட்தான் உதிக்கிறது.