யூரியாக் கணக்கில் தோற்ற சணப்பு

பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் விட்டால் பருத்தி, பருத்தி விட்டால் மக்காச்சோளம். எங்கள் காட்டிலும் அப்படித்தான். எனக்குச் சம்பளம் வேறு இடத்தில் வருகிறது. விடுமுறை நாட்களில் மட்டும் மண்ணில் நிற்பவன் நான். அதனால் சாகுபடியை மட்டுமே நம்பியிருப்பவர்கள் துணியாத ஒன்றைச் செய்து பார்க்கும் வசதி எனக்கு உண்டு. புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றுவதற்கு முன் ஆடி மழைக்குப் பசுந்தாள் பயிர் விதைத்து, பச்சையாகவே மண்ணுக்கு உரமாக மடக்கி உழுதால் என்ன தேறும் என்று பார்க்க நினைத்தேன். பக்கத்துப் பக்கத்து ஏக்கர்களில் ஒன்றில் சணப்பு. மற்றது வழக்கம்போல் தரிசு. மக்காச்சோள விதை, உரம், களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

இன்னொரு பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு நெல் வயலுக்கும் உவர் மண்ணுக்கும் பேர் போனது. நீர் தேங்காத மேட்டுக் கரிசலுக்குச் சணப்பு தோதாகப் பட்டது. ஏக்கருக்கு 15 கிலோ விதை. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேரில் முடிச்சிட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, பயிருக்குப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) பொட்டலத்தைக் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி வீசி விதைத்தேன். செடி முழங்கால் உயரம் வந்ததும் சிலவற்றை மண்ணோடு தோண்டி எடுத்து வேர் முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வெறும் முடிச்சு. பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருந்தது.

பூ எடுக்கத் தொடங்கியதும் உழுதுவிட வேண்டும். விதைத்ததிலிருந்து சுமார் 45 முதல் 60 நாள். இந்த இடத்தில் பிடிவாதம் தேவை, ஏனென்றால் அப்போதுதான் வயல் கண்ணுக்கு அழகாக இருக்கும். இன்னும் ஒரு வாரம் விட்டால் இன்னும் தழை சேருமே என்று ஆசை வரும். சணப்பு நார்ப்பயிர். முற்றினால் தண்டு ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை, முற்றிய தண்டை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் மக்காச்சோள இளம்பயிர் வெளிறி நிற்கும்.

டிராக்டர் இறங்கிய அன்று பெரியப்பா முறையுள்ள பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்றபடி கேட்டார்: "விதைத்து, வளர்த்து, உழுது புதைக்கவா தம்பி இத்தனை பாடு?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டேன். உழவுக்கு முன் ஒரு சதுர மீட்டர் அளந்து அறுத்து நிறுத்ததில் ஒன்றேகால் கிலோ பச்சைத் தழை. ஏக்கருக்கு ஏறக்குறைய 5 டன். காய்ந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும், அதாவது ஒரு டன். உலர் எடையில் தழைச்சத்து இரண்டேகால் விழுக்காடு அளவு என்று வைத்தால் 23 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்றே அதிகம். ஆக, அத்தனை பாடும் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். அதிலும் எல்லாம் அந்தப் போகத்துக்கே கிடைத்துவிடாது. மானிய விலையில் அந்த மூட்டை 266 ரூபாய் 50 காசு. விதைக்கும் உழவுக்கும் நான் கொடுத்த பணத்தில் அப்படிப் பல மூட்டைகள் வாங்கியிருக்கலாம். பசுந்தாள் உரம் போட்டால் யூரியாச் செலவு மிச்சம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் கார்த்திகையில் மழை விட்டுப்போனபோது வேறொன்று தெரிந்தது. பூக்கொண்டை வெளிவந்து, கதிரில் பட்டு தள்ளும் பருவம்; மக்காச்சோளத்துக்குத் தாகம் அதிகமான நேரம். தரிசாகக் கிடந்த ஏக்கரில் வெயில் ஏறும் முன்பே இலைகள் சுருண்டுகொண்டன. சணப்பு உழுத ஏக்கரில் பிற்பகல் வரை விரிந்தே இருந்தன. மண்வெட்டி போட்டால் வித்தியாசம் கையில் தெரிந்தது: ஒன்று பாளம் பாளமாகப் பெயர்ந்தது, மற்றது பொலபொலவென உதிர்ந்தது. அறுவடையில் சணப்பு ஏக்கர் இரண்டு மூட்டை கூடுதலாகத் தந்தது. களையும் குறைவு, கோரையைத் தவிர. கோரைக்கு எந்தப் பயிரும் பொருட்டில்லை.

படைப்புழு விஷயத்தில் ஒரு பலனும் இல்லை. 2018இல் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புழு இரண்டு ஏக்கரிலும் குருத்தைப் பாரபட்சமில்லாமல் தின்றது. அதற்குக் கோடை உழவு, வேப்பம் புண்ணாக்கு, இனக்கவர்ச்சிப் பொறி என்று தனி வைத்தியம்தான்.

அடுத்த ஆண்டு ஆடி பொய்த்தது. சணப்பு முழங்காலைத் தாண்டவில்லை, கம்பளிப்புழு வேறு. ஊரில் பச்சையாக இருந்த ஒரே காடு என்பதால் ஆடுகள் தேடி வந்தன. இருந்ததை உழுதேன். விளைச்சலில் இரண்டு ஏக்கருக்கும் வித்தியாசம் காட்ட முடியவில்லை. மானாவாரியில் இதுதான் சிக்கல்: பசுந்தாள் பயிரும் அதே ஈரத்தைத்தான் குடிக்கிறது. மழை குறைந்த ஆண்டில் மக்காச்சோளத்துக்குச் சேர வேண்டியதை அது முன்கூட்டியே செலவழித்துவிடும். இப்போது எனக்கு ஒரு வரம்பு உண்டு: ஆடி பாதிக்குள் ஓர் உழவு மழையாவது பெய்யாவிட்டால் சணப்பு விதையைப் பையிலேயே வைத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட ஆண்டுக்கு மாற்று, 60 செ.மீ. இடைவெளியுள்ள மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு ஊன்றுவது. தனியாக ஒரு பருவம் வேண்டாம், மண்ணுக்கு நிழல் உண்டு, காயும் வீட்டுக்கு வரும். பயறாக அறுத்துக்கொண்டால் தழைச்சத்தில் பெரும்பகுதி மூட்டையோடு போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பெரியப்பா இதை மட்டும் தன் காட்டில் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். சாப்பிட ஏதாவது கிடைக்கிற பயிர் என்பதால்.

சரிவான மூலையில் இந்த முறை கொழிஞ்சி என்ற வேறொரு பசுந்தாள் செடி. ஆடுமாடு வாய் வைக்காது, மெதுவாக வளரும், ஒருமுறை விதை உதிர்ந்தால் தானாக முளைக்கும். விதைத்தோல் கெட்டியானது என்பதால் மணலோடு சேர்த்து உரலில் லேசாக இடித்த பிறகே விதைக்க வேண்டும். அந்த வேலை பாதி முடிந்திருக்கிறது.