முன்சக்கரத்தில் விடாமல் பிடித்த பிரேக்: காரணத்தைத் தேடிய விதம்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேகம் குறைந்தது. ஸ்டியரிங்கும் இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது இடது முன்சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் வலதைவிட மிக அதிகமாகச் சூடேறியிருந்தது. பளபளப்பான உலோகத்தில் இக்கருவி குறைத்தே காட்டும் என்பதால், எண்களைவிட இருபக்க வேறுபாட்டையே நான் நம்புகிறேன்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டபின் அந்தச் சக்கரம் கையால் சுழற்றியும் அசையவில்லை. இந்நிலையில் பலரும், பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஆனால் சக்கரம் பிடித்திருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு; கழற்றிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

காலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற உதவும் பிளீடர் திருகில் குழாயை மாட்டிச் சற்றே தளர்த்தியதும், பிரேக் ஆயில் பீறிட்டு வந்தது, சக்கரமும் விடுபட்டது. பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்தோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியோ இருந்திருந்தால், அழுத்தத்தை வெளியேற்றியும் சக்கரம் விட்டிருக்காது. ஆக, அழுத்தம் எங்கோ சிக்கியிருந்தது. திருகை மூடி, மீண்டும் மிதித்துச் சக்கரத்தைப் பிடிக்கச் செய்து, இம்முறை இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸுடன் சேரும் இணைப்பைத் தளர்த்தினேன். சக்கரம் அசையவே இல்லை. அங்கே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டிருந்தால், சந்தேகம் பிரேக் மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போயிருக்கும். இப்போது குற்றவாளி ஹோஸ்தான் என்பது உறுதியாயிற்று.

கழற்றிய ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே வெடிப்பே இல்லை. உள்ளேயோ ரப்பர் உரிந்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவைப் போலத் தொங்கியது. மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் தரும் பேரழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. திரும்பி வரும்போதோ, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பழைய வடிவத்துக்கு மீளும் சிறு விசை மட்டுமே இருப்பதால் ஆயில் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஒரே வயதுடையவை என்பதால் முன்பக்க ஹோஸ்கள் இரண்டையுமே மாற்றினேன். சூடேறிய ஆயிலையும் மாற்றுவது அவசியம்: டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 155 மட்டுமே. ஸ்லைடு பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் இட்டேன். சாதாரணக் கிரீஸ் அங்குள்ள ரப்பரை உப்பச் செய்யும். காற்றை வெளியேற்றியபின் மிதித்து விட்டுச் சுழற்றியபோது, பேட் மெல்ல உரசும் ஒலியுடன் சக்கரம் தடையின்றிச் சுழன்றது. டிஸ்க் பிரேக்கில் அந்த அளவு உரசல் இயல்பானதே.