ஒரே ஒரு பேர்

"ஒரு பேர் போதும் தம்பி. யாரு பேர்னு நீங்களே முடிவு பண்ணுங்க." 'சுகர், சுகர்' பாட்டுக்கு நான் எழுதிக்கொண்டு போன ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு எங்கள் தயாரிப்பாளர் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. பாட்டுக்கு முன்னால் ஆர்ஜே பேசுவதற்கு இருப்பது கொஞ்ச நேரம்தான், அதில் அமெரிக்கப் பேர்களாக அடுக்கிக்கொண்டே போனால் நேயர் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார், இது எனக்கும் தெரிந்ததுதான். பாட்டின் முக்கியப் பாடகர் ரான் டான்டே பேரை மட்டும் வைத்தேன். நிகழ்ச்சியும் போய்விட்டது.

வேறு பாட்டாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். ஆனால் இது ஆர்ச்சீஸ் பாட்டு. அப்படி ஒரு இசைக்குழுவே கிடையாது, காமிக்ஸிலிருந்து சனிக்கிழமை காலை டிவிக்கு வந்த கார்ட்டூன் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குப் பாட்டு ஏற்பாடு செய்த டான் கிர்ஷ்னர் அதற்கு முன், டிவி தொடருக்காக உருவாக்கிய மங்கீஸ் என்ற குழுவின் பாட்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டை நாங்களே வாசிப்போம் என்று அந்தப் பையன்கள் நின்றதில் 1967-இல் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்து அவர் கைக்கு வந்தது, எதிர்த்துப் பேசவே முடியாத ஒரு குழு. ஜெஃப் பாரியும் ஆண்டி கிம்மும் பாட்டு எழுதினார்கள், பாரியே தயாரித்தார். டிரம்ஸில் கேரி செஸ்டர், பேஸில் சக் ரெய்னி, முக்கியக் குரல் ரான் டான்டே, கூடப் பாடியவர் டோனி வைன். ரெக்கார்டில் பாடகர் என்று இருந்ததோ 'தி ஆர்ச்சீஸ்' மட்டும்.

1969 மே மாதம் வந்த பாட்டு, செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவில் முதலிடம், அங்கே நான்கு வாரம் நின்றது. பிரிட்டனில் எட்டு வாரம். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் பாட்டு விட்டுக்கொண்டிருந்த அந்த வருடத்தின் பில்போர்டு (அமெரிக்க இசைப் பத்திரிகை) ஆண்டுப் பட்டியலிலும் இதுதான் முதல். சின்னப் பிள்ளைகளின் பாட்டு என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அடுத்த வருடமே கறுப்பினப் பாடகர் வில்சன் பிக்கெட் இதை எடுத்து, உணர்ச்சி பொங்கப் பாடும் சோல் பாணியில் பாடினார், மெட்டில் சரக்கு இல்லாமலா?

நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது தயாரிப்பாளர் அடுத்துச் சொன்னதை. "லேபிளை அழிச்சுட்டுப் போட்டதாலதானே ரேடியோக்காரங்க அதைக் காது குடுத்துக் கேட்டாங்க? நீங்களே எழுதியிருக்கீங்களே." எழுதியிருந்தேன். கார்ட்டூன் பாட்டு என்றாலே டிஜேக்கள் தள்ளிவைத்துவிடுவார்கள் என்பதால், சான் பிரான்சிஸ்கோவில் பேர் தெரியாதபடி லேபிளை நீக்கிவிட்டு ரெக்கார்டைக் கொடுத்ததாக ரான் டான்டே சொல்லியிருக்கிறார். பேர் இல்லாமல் ஜெயித்த பாட்டுக்குப் பேர் எதற்கு என்று தயாரிப்பாளர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது: அங்கே அழித்தது கார்ட்டூனின் பேரை, அது போனதும் காதில் விழுந்தது இந்த மனிதர்கள் பாடியதும் வாசித்ததும்தான். நல்ல பதில் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அந்தக் கார்ட்டூன் பேர் இல்லாமல் பிள்ளைகள் கடைக்குப் போய் ரெக்கார்டு வாங்கியிருப்பார்களா, காலை உணவு சீரியல் டப்பாவின் அட்டையிலேயே பாட்டை அச்சடித்து வெட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்களா என்று யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ரான் டான்டேயைத் தேர்ந்தெடுத்தது சரிதான், முன்னால் நிற்கும் குரல் அவருடையது. ஆனால் பாட்டின் பின்பகுதியில் டோனி வைன் தனியாக ஒரு வரி பாடுவார், அதுவரை ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டு அங்கேதான் எம்பும். ஒலிபரப்பின்போது அந்த இடம் வந்ததும் ஆர்ஜே ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். சொன்னேன். "இதைச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

அடுத்த நிகழ்ச்சிக்கு 'ட்ரேசி' வைத்திருக்கிறேன். 1969-இன் அதே இலையுதிர் காலத்தில் கஃப் லிங்க்ஸ் என்ற பேரில் வந்து அமெரிக்காவில் 9-ஆம் இடம் வரை போன பாட்டு, அதையும் பாடியவர் ரான் டான்டே. அவர் பேர் இரண்டாவது முறையும் வந்துவிடும். டோனி வைன் பேரைச் சொல்ல அந்தப் பாட்டில் காரணமே இல்லை, எப்படியாவது நுழைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.