2007 ஈ கிளாஸில் பழைய செட்டைக் கழற்றிப் புது செட் மாட்டிய அனுபவம்

அப்பாவின் பென்ஸில் பாட்டு நின்று போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. 2007 மாடல் ஈ கிளாஸ், கம்பெனிக் குறியீட்டில் டபிள்யூ 211 என்பார்கள். எங்களிடம் வரும்போதே இரண்டு கை மாறிய வண்டி. எஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சரி செய்தாயிற்று. செட் மட்டும் முதலில் சிடியை வெளியே தள்ளியது, அப்புறம் டிஸ்ப்ளே மங்கியது, ஒருநாள் மொத்தமாக இருண்டுவிட்டது. அப்பாவுக்கு வண்டியில் ஏறினால் கொடைப் பண்பலை 100.5 வேண்டும். மலை மேலிருந்து வருவதால் மதுரையை விட்டு திண்டுக்கல், தேனி என்று போனாலும் கூடவே வரும். அது இல்லாமல் அவர் பேசாமல் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் பழைய செட்டையே சரி செய்யத்தான் பார்த்தேன். டவுன் ஹால் ரோட்டில் இரண்டு பேர் திறந்து பார்த்துவிட்டு, போர்டே போய்விட்டது என்று கைவிரித்தார்கள். அதில் கொஞ்சம் உயிர் இருந்திருந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன். உங்கள் வண்டியில் கம்பெனி செட் வேலை செய்கிறது, ஃபோனில் இருந்து பாட்டு வரவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால், ஒரு ப்ளூடூத் அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டேஷ்போர்டின் மர வேலைப்பாட்டுக்கு நடுவே கம்பெனி செட் உட்காரும் அழகு வேறு எதிலும் வராது.

பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் ஆண்ட்ராய்டு செட் வாங்கினேன். "ரெண்டு மணி நேர வேலை சார்" என்றார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரை வந்தது, ஜோராக எரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் போயிருக்கும், எட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில் எப்படிப் போகும்? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துக் காலையில் ரிமோட்டை அழுத்தினால் கதவே திறக்கவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. இந்த வண்டியில் பேட்டரி இருப்பதோ டிக்கியில். ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவித்தான் டிக்கியைத் திறந்தேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

சாதாரண வண்டியில் செட்டில் இருந்து ஸ்பீக்கருக்குச் செம்பு ஒயர் போகும். கப்ளரை மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது. இந்த வண்டியில் முன்னால் தெரிகிற செட்டுக்கும் பின்னால் டிக்கியில் இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே பாட்டு வெளிச்சமாகப் போகிறது. மோஸ்ட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் ஒளி இழை. செட், ஆம்ப்ளிஃபயர், ஃபோன் பெட்டி என்று எல்லாம் ஒரே வளையத்தில் இருக்கும். ஒன்று வெளிச்சத்தை வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்க வேண்டும், வரிசையில் நின்று குடத்தைக் கை மாற்றுவது போல. நடுவில் ஒருவர் கையை எடுத்தாலும் யாருக்கும் தண்ணீர் வராது. கடைக்காரர் பழைய செட்டை எடுத்ததும் வளையம் அறுந்துவிட்டது. ஸ்பீக்கர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒத்தக்கடையில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார் என்று நண்பன் சொன்னான். யானைமலை நேரே தெரிகிற இடத்தில் தகரக் கொட்டகை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒயரை எங்கயாச்சும் வெட்டிட்டாங்களா தம்பி?"

"கப்ளர் பக்கத்துல ரெண்டு ஒயர்ணே."

"ரெண்டோட போச்சே. பார்த்துக்கலாம்."

அவர் பேனலைக் கழற்றிய விதமே வேறு. இரும்பு ஸ்க்ரூ டிரைவரை மரத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. பிளாஸ்டிக் பட்டையால் ஓரம் ஓரமாக நெம்பினார், ஒவ்வொரு கிளிப்பும் விடுபடும் சத்தத்துக்குக் காத்திருந்தார். உள்ளே ஆரஞ்சு நிற ஒளி இழையைக் கடைப் பையன் மடக்கி டேப் சுற்றி வைத்திருந்தான். அண்ணன் முகம் மாறிவிட்டது. இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக இதை வளைக்கக் கூடாது, வளைத்தால் வெளிச்சம் ஓரத்தில் கசிந்துவிடும் என்றார். டேப்பைப் பிரித்து, நகம் படாமல் நீவிவிட்டார். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு இழையின் முனையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூக்குத்திக் கல் அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. டிக்கியில் இருக்கிற பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

வழி இரண்டு. டிக்கி வரைக்கும் புதிதாக ஒயர் இழுத்து வேறு ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம். இல்லையென்றால் செட்டின் சத்தத்தை வெளிச்சமாக மாற்றித் தரும் மோஸ்ட் டிகோடர் பெட்டி ஒன்றை வளையத்தில் செருகி, கம்பெனி ஆம்ப்ளிஃபயரையே பாட வைக்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஸ்பீக்கர்களுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயர் அது. பெட்டி வந்து சேரப் பத்து நாள் ஆனது.

பேட்டரி இறங்கிய காரணத்தையும் அண்ணனே கண்டுபிடித்தார். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர் ஒன்று மற்ற வண்டிகளில் செட்டுக்குப் பின்னால் இருக்கும். இதில் கிடையாது. சாவி போட்ட செய்தி, வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற ஒயர் வழியாகத்தான் வரும். அதைப் படித்து செட்டை எழுப்புவதற்கென்றே செட்டோடு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள், கடையில் அதை அட்டைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அண்ணன் டிக்கிப் பூட்டின் கொக்கியை மடக்கி, மூடியதாக வண்டியை நம்ப வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்தார். அரை மணி நேரம் கழித்தும் 700 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் மணி. 95 ஆம்பியர் மணி பேட்டரி, அதுவும் பழசு, மூன்று நாள் தாங்கியதே பெரிது. சின்னப் பெட்டியை மாட்டிய பிறகு அதே மீட்டர் 30 மில்லி ஆம்பியருக்கு வந்து நின்றது. 50க்குள் இருந்தால் பயமில்லை. யாரிடம் செட் மாற்றினாலும் இந்த ஒரு அளவை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

வெட்டிய இரண்டு ஒயர்களையும் சால்டர் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டுச் சேர்த்தார். மற்றதெல்லாம் கப்ளர் டு கப்ளர்.

பாட்டு வந்தது, எஃப்எம் வரவில்லை. வெறும் இரைச்சல். ஏரியல் வண்டியின் பின்பக்கக் கண்ணாடியிலேயே பதிந்திருக்கிறது, அதற்கு ஒரு பூஸ்டர், அந்தப் பூஸ்டருக்கு 12 வோல்ட்டை செட்தான் அனுப்ப வேண்டும். சாதாரண ஏரியல் பின் அதை அனுப்பாது. கரண்ட் கொடுக்கும் ஒயரோடு வருகிற அடாப்டர் மாட்டியதும் 100.5 தெளிந்தது. எனக்கு முக்கியமான வேலை அதுதான்.

பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் டேஷ்போர்டில் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) விளக்கு எரிந்தது, கதவுக் கண்ணாடிகள் தானாக ஏறவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி எடுத்ததும் விளக்கு அணைந்தது. கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் அதுவும் சரி.

செட், பெட்டி, அடாப்டர் எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். அண்ணன் கூலி 3,500. ஐந்நூறு சேர்த்துக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவை அழகர்கோவில் ரோட்டில் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டீயரிங் பொத்தானிலேயே சத்தத்தைக் கூட்டினார், அது வேலை செய்கிறது. ஸ்பீடோமீட்டருக்கு நடுவில் முன்பு ஸ்டேஷன் எண் வரும், அது இப்போது வருவதில்லை. ஃபோன் எடுக்கும் பொத்தானும் வேலை செய்யவில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். பழைய செட்டை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, அதன் கப்ளரில் எந்த ஒயர் எங்கே என்று எழுதிய தாளையும் சேர்த்து பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறேன். அந்த போர்டைச் சரி செய்யக்கூடிய ஒருவர் கிடைக்கும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.